230 கிகாஹெர்ட்ஸ்: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் எழுதுகிறேன். இதே விஷயத்தைக் கோப்பு வழியாக மூன்று முறை எழுதிவிட்டேன். அவை எந்த மேசையில் உறங்குகின்றன என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. மதுரையைச் சுற்றியிருக்கும் பல கல்லூரிக்காரர்கள் இதைத் தங்கள் கதை என்றே நினைப்பார்கள், நினைக்கட்டும்.

நம் ஆய்வகத்தில் இருக்கும் 96 கோர் சர்வரைப் போலவே, அதாவது ஒரே பெட்டியில் கோர் எனப்படும் 96 கணக்கிடும் மையங்கள் கொண்ட பெரிய கணினியைப் போலவே, இன்னொன்று வாங்க அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் தரப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆணை போடும் முன் நம் துறைகளின் வேலையை ஒருநாள் அதில் ஓட்டிப் பாருங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரே அழகரை வரவேற்கப் போயிருந்தது. ஆய்வகத்தில் நானும், சிவில் துறை இறுதியாண்டு மாணவி ஒருவரும் மட்டும். அவர் காலை ஏழு மணிக்கே வந்து ஓட்டத் தொடங்கியது, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதி விட்டுச்சென்ற பழைய நிரல். வைகைப் படுகையில் பெய்யும் மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேர்கிறது என்று நாள்வாரியாகக் கணக்கிடுவது. நேற்றைய கணக்கு முடியாமல் இன்றைய கணக்கைத் தொட முடியாது. ஆகவே ஒரே ஒரு கோர்தான் உழைக்கும். மீதி 95 கோர்களும் வேடிக்கை பார்க்கும். கட்டடக்கலைத் துறையின் டெஸ்க்டாப்பில் இது 7 மணி நேர வேலை. சர்வரில் ஏறக்குறைய 11 மணி நேரம். ஆனால் "பெரிய இயந்திரம் இருக்கும்போது டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தக் கூடாது" என்று சுற்றறிக்கை அனுப்பியவர்கள் நீங்கள்.

இரண்டு மணிக்கு ஏ.சி. நின்றது. மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத அறை, யூ.பி.எஸ். பேட்டரிகளும் அங்கேதான். சர்வருக்குள் காற்று போகும் வலையில் ஆயுதபூஜைக்கு நீங்கள் பூசிய சந்தனத்தை, பல்துலக்கும் பிரஷ்ஷால் நான் சுரண்டியது போக மிச்சம் இன்னும் இருக்கிறது. சர்வரின் விசிறிகள் அலறத் தொடங்கின. தல்லாகுளத்து மெக்கானிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அழகர் வந்துகொண்டிருக்கிறார் சார், தெருவை விட்டு வண்டியை எடுக்க முடியாது" என்றார். கதவைத் திறந்து மேசை விசிறியை வைத்தேன். நான்கு மணிக்குச் சூடு எல்லை தாண்டி, சர்வர் தானாக அணைந்துவிட்டது. அதுவரை முடிந்த கணக்கைச் சேமித்துவைக்கும் வசதி அந்த நிரலில் கிடையாது. ஒன்பது மணி நேரமும் வீண். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். திட்ட அறிக்கையைக் கொடுக்க அவருக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.

சர்வரின் மூளையான பிராசசர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். 2022இல் வந்த ஏஎம்டி எபிக் 9654 அது. 96 கோர்கள், 360 வாட். ஒரு கோருக்கு 4 வாட்கூட இல்லை. டெஸ்க்டாப்பில் இருப்பது அதே ஆண்டின் ரைசன் 9 7950எக்ஸ். 16 கோர்களுக்கு 170 வாட், அதாவது ஒரு கோருக்கு 10 வாட்டுக்கு மேல். வேகத்தில் சர்வரின் கோர் 3.7 கிகாஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 370 கோடித் துடிப்போடு, நின்றுவிடும்; டெஸ்க்டாப்பின் கோர் 5.7 வரை எகிறும். அந்தக் கடைசி எகிறலுக்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலும் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். அதனால்தான் நிதானமாக ஓடும் பல கோர்கள் சிக்கனமானவை, எல்லாவற்றுக்கும் வேலை இருந்தால். கட்டடக்கலைத் துறையின் ரெண்டரிங் ஒன்றை (கட்டட மாதிரியை நிஜப் படம்போல் ஆக்கும் கணக்கு; எல்லாக் கோர்களும் பங்குபோட்டுச் செய்யலாம்) இரண்டிலும் ஓட்டி வாட் மீட்டரைப் பார்த்தேன். டெஸ்க்டாப் 9 மணி நேரத்தில் 3 யூனிட் அளவு குடித்தது. சர்வர் 3 மணி நேரத்துக்குள் முடித்து, 2 யூனிட்டைக்கூடத் தொடவில்லை. அதைப் பார்த்து நானே வாயடைத்துப்போனேன்.

ஆனால் அப்படிப்பட்ட வேலை நமக்கு மாதத்தில் நான்கு நாள்கூட வருவதில்லை. மற்ற நாட்களில் யாரும் தொடாமலே சர்வர் 180 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 4 யூனிட்டுக்கு மேல். கோர்கள் தூங்கினாலும் பன்னிரண்டு நினைவக வரிசைகளும், அவற்றையெல்லாம் இணைக்கும் நடுச் சில்லும், விசிறிகளும் விழித்தேதான் இருக்கும். ஏ.சி. செலவு தனி.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன், கொள்முதல் கோப்பின் நகலைப் பார்க்கும் வரை. "96 கோர் × 2.4 = 230 கிகாஹெர்ட்ஸ் வேகம்" என்று, ஒரு கோரின் அடிப்படை வேகமான 2.4ஐப் பெருக்கி அதில் எழுதி, கீழே ஐந்து கையெழுத்து. வாடிவாசலில் 96 மாடுபிடி வீரர்கள் நிற்கலாம். ஒரு காளையின் திமிலை ஒருவர்தான் அணைய வேண்டும் என்பது விதி. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! இதே கணக்கில் நாம் 96 பேராசிரியர்களை வகுப்புக்கு அனுப்பினால் நான்காண்டுப் படிப்பு அரை மாதத்தில் முடிந்துவிடும். ஏ.சி. பழுதுபார்க்கும் செலவுக்கு மூன்று விலைப்புள்ளி கேட்டு மூன்று மாதம் நிறுத்திவைக்கத் தெரிந்த குழுவுக்கு, லட்சங்களில் வாங்கும் பெட்டியை ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, மன்னிக்கவும். இருக்கும் சர்வரை யாரும் திருப்பித் தரச் சொல்லவில்லை. ரெண்டரிங்கையும் பெரிய கணக்குகளையும் சேர்த்துவைத்து மொத்தமாக அதில் ஓட்டலாம், மற்ற நாட்களில் அணைத்துவைக்கலாம். இரண்டாவது சர்வருக்கான பணத்தில் டெஸ்க்டாப்புகள் வாங்கினால், 65 வாட் எல்லை வைத்தே அவற்றை ஓட்டலாம்; வாட் குறையும் அளவுக்கு வேகம் குறையாது. ஒற்றைக் கோர் வேலைக்கு அது போதும். இதையும் என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம். ஓட்டிப் பாருங்கள், பிறகு ஆணை போடுங்கள்.

வருகிற சனிக்கிழமை முழுநாளும் ஆய்வகத்தில் இருப்பேன். ஃபோர்ட்ரான் நிரலும் வாட் மீட்டரும் ஐந்து நாற்காலிகளும் தயாராக இருக்கும். உறுப்பினர்கள் அனைவரும் வர வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏ.சி. இன்னும் சரிசெய்யப்படவில்லை, ஆளுக்கொரு கைவிசிறி எடுத்துவரவும்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் ஆய்வக உதவியாளன்