துறவிகளும் கணினியும், அம்மாவின் நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விஞ்ஞானக் கதைகள் எல்லாமே சாமி இல்லை என்று சொல்ல எழுதியவை, பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் இரண்டு கதைகளையாவது படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆங்கில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1953-ல் எழுதிய 'கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள்' ஒன்று. திபெத்து மடத்துத் துறவிகள் கடவுளுக்கு இருக்கக்கூடிய அத்தனை பெயர்களையும் 300 வருடமாக எழுதி வருகிறார்கள், கையால் எழுதி முடிக்க 15,000 வருடம் ஆகும் என்பதால் ஒரு கணினியை வரவழைக்கிறார்கள், அது நூறே நாளில் முடிக்கிறது. எல்லாப் பெயரையும் எழுதி முடித்தால் உலகம் படைக்கப்பட்ட வேலை முடிந்துவிடும் என்பது துறவிகளின் நம்பிக்கை. கூட வந்த இரண்டு இன்ஜினியர்களுக்கோ இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். வேலை முடியும் ராத்திரி மலையிறங்கும்போது அண்ணாந்து பார்க்கிறார்கள், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன. இதில் சாமியை எங்கே பழித்திருக்கிறார்?

என் அம்மா பல வருடமாக ஸ்ரீராமஜெயம் எழுதுகிறார். கோடு போட்ட நோட்டு, சிவப்பு மை, பக்கத்துக்கு மூன்று வரிசை, ஓரத்தில் பென்சிலால் கூட்டல். இந்தக் கதையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மெஷின் எழுதினா புண்ணியம் யாருக்குடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜெபம் என்பது எழுதி முடித்த எண்ணிக்கையா, எழுதுகிற மனசா என்று அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, கிளார்க்கே 1955-ல் எழுதிய 'நட்சத்திரம்'. விண்கலத்தில் போகும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், வெடித்துப்போன சூரியன் ஒன்றையும் அதில் அழிந்த நல்ல மக்கள் விட்டுப்போன நினைவுகளையும் காண்கிறார். வெடித்த காலத்தைக் கணக்கிட்டால், அந்த வெளிச்சம்தான் இயேசு பிறந்தபோது பெத்லகேமில் தெரிந்த நட்சத்திரம். வேறு எத்தனையோ நட்சத்திரம் இருக்க, ஆண்டவரே, இவர்களை ஏன் எரித்தீர் என்று அவர் தவிக்கிறார். நம் வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில், எங்கிருந்தோ ரயிலேறி வந்து ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் கேட்பதும் இதையேதான். இது நாத்திகம் என்றால் அவர்களும் நாத்திகர்களா?

பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஒரு முறை அங்கே போயிருந்தபோது, நீங்கள் இப்போது பார்க்கிற வெளிச்சம் உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே கிளம்பியது என்றார்கள். சட்டென்று அந்தப் பாதிரியார் ஞாபகம்தான் வந்தது, பிறகு வானத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது மனசு நிற்குமே, அதே மாதிரிதான் இருந்தது.

கிளார்க் 1956-ல் இலங்கையில் குடியேறி 2008-ல் கொழும்பில் காலமானவர். நமக்கு இத்தனை பக்கத்தில் வாழ்ந்தவரின் கதைகளை, முறையாக அனுமதி வாங்கி, ஞாயிறு மலரில் மாதம் ஒன்றாகத் தமிழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் துறவிகள் கதையைப் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டால் அம்மாவும் தானே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.