சிவப்பு பல்பும் நட்சத்திர ஸ்டிக்கரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் 31 ஆண்டுகள் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன் நான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, ஒளியின் ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ஒப்பிக்கிறாள். அந்தச் சூத்திரத்தில் வரும் பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல் நொடி என்பதும் மனப்பாடம். "போட்டோ பேப்பர எது கறுக்க வைக்கும்? பளிச்சுனு எரியுற சிவப்பா, மங்கலான நீலமா?" என்று கேட்டேன். "பளிச்சுனு எரியுறதுதான் தாத்தா" என்றாள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

படம் கழுவும் எங்கள் டார்க் ரூமில் 15 வாட் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் படம் அச்சிடும் புரோமைடு பேப்பரை, படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர் கரைசலில் முக்குவோம். ஒன்றும் ஆகாது. ஒரு கல்யாண ஆர்டரின்போது வேலைக்கு இருந்த தம்பி கதவை விரற்கடை அளவு திறந்துவிட்டான். உடனே சாத்தியும் விட்டான். தட்டில் கிடந்த ஆறு பிரிண்டும் கறுத்துப்போயின. வெளி வெளிச்சத்தில் நீலமும் கலந்திருக்கிறதே!

ஒளி சிப்பம் சிப்பமாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். வெளிச்சம் கூடினால் சிப்பங்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒரு சிப்பத்தில் எவ்வளவு ஆற்றல் என்பதை அதிர்வெண்தான், அதாவது நிறம்தான், முடிவு செய்கிறது. மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில், சிவப்பில் அது சுமார் 1.9, நீலத்தில் 2.7. பேப்பரில் பூசியுள்ள வெள்ளி புரோமைடு என்ற வேதிப்பொருளை ஒளி தாக்க, ஒரு சிப்பத்தில் 2.5க்கு மேல் வேண்டும். திண்ணையில் ஒரே தாவாக ஏற வேண்டும் என்றால், அரை அடி தாவுகிறவர்கள் ஆயிரம் பேர் வந்தாலும் ஒருவரும் ஏற முடியாதல்லவா?

இப்போது டார்க் ரூம் இல்லை. அதனால் இதையே காட்ட, இருட்டில் மினுங்கும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று வாங்கி, விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு எல்.இ.டி.யை ஐந்து நிமிடம் காட்டினேன். மினுங்கவில்லை. நீல எல்.இ.டி.யை ஒரு நொடி காட்டியதும் பச்சையாக மினுங்கியது. பேத்தி எல்.இ.டி.யைப் பிடுங்கித் தானே நாலு தடவை செய்து பார்த்தாள்.

எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் பையன்கள் சாதாரணக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கண் கூசாவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வெல்டிங் வெளிச்சத்தோடு வரும், கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிரின் ஒரு சிப்பத்தில் நீலத்தைவிட ஆற்றல் கூடுதல். ராத்திரி கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துவது அதனால்தான். வெல்டிங் கண்ணாடி பதித்த முகமூடி இல்லாமல் அவர்களை நிற்க விடக் கூடாது.

இயற்பியல் ஆசிரியர்கள் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் வகுப்பு ஜன்னலைச் சாத்தி, இந்த ஸ்டிக்கர் சோதனையைச் செய்து காட்ட வேண்டும். தங்கள் மாணவர் பக்கத்திலும் இதை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போட்டோகிராபர்,
அம்பாசமுத்திரம்.