உப்பின் பெயரைக் கேட்க வேண்டாம்: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளைகளின் விரல்களில் கருந்திட்டு இருப்பது ஏன் என்று சிலர் விசாரித்தீர்கள். அது வேதியியல் ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெள்ளி நைட்ரேட் கரைசலின் கறை. வெளிச்சம் பட்டுக் கருத்திருக்கிறது. சில நாட்களில் தானே மறைந்துவிடும். துணியில் பட்டால் எளிதில் போகாது. ஆய்வக நாட்களில் மேலங்கியும் மூடிய காலணியும் கட்டாயம்.

வேதியியல் செய்முறைத் தேர்வில் பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் (சமையல் உப்பு மட்டுமல்ல, அதுபோன்ற வேதிச் சேர்மம்) கொடுப்பார்கள்; அது எது என்று பிள்ளைகள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உப்பு எது என்று வேதியியல் ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்கிறீர்கள். மதிப்பெண் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். பெயர் முன்பே தெரிந்த பிள்ளை சோதனைக் குழாயைப் பார்ப்பதில்லை; மனப்பாட வரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நம் சேலத்து வெள்ளைக்கல்லையே பாருங்கள். ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் இந்த மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான். கார்பனேட்டில் நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும் என்பது பாடம். இந்தக் கல்லோ குளிர்ந்த அமிலத்தில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பொடித்துச் சூடாக்கினால்தான் பொங்கும். வெளிவரும் வாயு சுண்ணாம்பு நீரைக் கலங்க வைக்கும். அண்மையில் ஒரு மாணவி முதலில் “மாற்றம் இல்லை” என்று எழுதினாள். சூடாக்கிய பின் அதற்குக் கீழே “பொங்குகிறது” என்று எழுதினாள். மேல்வரியை அடிக்கவில்லை. இரண்டுமே அவள் கண்ணால் கண்டவை. அந்தக் குறிப்பேட்டை ஆய்வகச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

உப்பில் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இன்னும் கவனம் வேண்டும். உப்பைச் சோடியம் கார்பனேட் கரைசலோடு கொதிக்க வைத்து வடித்த சாற்றில் பொங்குவது அடங்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்த பிறகே வெள்ளி நைட்ரேட் விட வேண்டும். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு (கரைசலில் கரையாமல் பிரியும் திடப்பொருள்) வந்து, அது அம்மோனியாக் கரைசலில் கரைந்தால் குளோரைடு. அமிலம் குறைந்தால் மிச்சமுள்ள கார்பனேட்டே வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவாகி ஏமாற்றும். பைப் தண்ணீரும் ஏமாற்றும். அதிலேயே குளோரைடு உண்டு. அதில் கழுவிய சோதனைக் குழாயில் எந்த உப்பைச் சோதித்தாலும் வெண்மை தெரியும்.

ஆகவே தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்துத் தூய நீராகத் தரும் வாலை வடிநீர்க் கருவி ஒன்று நமக்கு உடனடியாகத் தேவை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதையே முதல் செலவாகக் கேட்கப் போகிறேன். அவசியம் வாருங்கள்.

சனிக்கிழமை காலையில் ஆய்வகம் திறந்திருக்கும். ஏற்காட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் பிரிவில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். செய்முறையை முடித்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சேலம்