நம் புல்மனுக்கு என்ன ஆயிற்று

ஸ்போகேன்,
அக்டோபர் 12, 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். நேரில் வர முடியாமல் போன வருத்தம் இன்னும் தீரவில்லை. நீ பட்டு வேட்டியில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இவரா நம் வீட்டுப் படியில் பனியில் வழுக்கி விழுந்தவர்?" என்று கேட்டாள் என் மனைவி. உன் முழங்கால் இப்போது தேவலையா? நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய். "நம்ம கூகர்ஸ் இப்போது எந்த லீக்கில் ஆடுகிறார்கள்? தேடினால் பாக்-12இல் இரண்டே அணிகள் என்று வருகிறது. ஏதோ தப்பாக இருக்கிறதே?" தப்பு இல்லை. நாம் புல்மனில் படித்த வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூகர்ஸ், அந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஆடும் பாக்-12 கூட்டமைப்பில் இப்போது இரண்டே அணிகள்தான். இதை யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக இருந்தேன். இங்கே பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், மற்றவர்களுக்கு அக்கறை இல்லை. நீ கேட்டுவிட்டாய், பொறுமையாகப் படி.

1997 நவம்பர் 22 உனக்கு ஞாபகம் இருக்கும். நம் அறையில் அந்தச் சின்ன டிவி, நீ வைத்த சாம்பார், கீழ் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்த நாலு அமெரிக்கப் பையன்கள். சியாட்டிலில் ஆப்பிள் கப், அந்த ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு நாம் மோதும் ஆட்டம். 41-35 என்று நாம் ஜெயித்ததும் அந்தப் பையன்களில் ஒருவன் அழுதான். நமக்கு விதிமுறைகளே பாதி புரியாத காலம். எதற்கு அழுகிறான் என்று நீ என்னைத் தமிழில் கேட்டாய். 67 வருஷத்துக்குப் பிறகு வாஷிங்டன் ஸ்டேட் புத்தாண்டில் நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலுக்குப் போகிறது, அவனுடைய தாத்தாவே சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது என்று அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்று ராத்திரி தெருவில் யார் யாரோ நம்மைக் கட்டிப்பிடித்தார்கள். புல்மன் என் ஊர் என்று நான் முதன்முதலில் உணர்ந்தது அன்றுதான்.

அந்த அணி ஆடிய கூட்டமைப்பு, நம் காலத்து பாக்-10, 1915இல் போர்ட்லண்டில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. நம் பல்கலைக்கழகம் 1917இல் சேர்ந்தது. 2011இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பாக்-12 ஆனது. அது உடைந்த வேகம்தான் இன்னும் நம்ப முடியவில்லை. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பல்கலைக்கழகங்களும், யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும், பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்குப் போகிறோம் என்றன. அடுத்த வருஷம் ஜூலை கடைசியில் கொலராடோ கழன்றுகொண்டது. மிச்சம் இருந்த ஒன்பது பேரும் புது டிவி ஒப்பந்தத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் சந்தா முறை மட்டும்தான், எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம். 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரைக்கு! எஞ்சியது நாமும் கோர்வாலிஸில் இருக்கும் ஆரிகன் ஸ்டேட்டும்.

ஏன் நம்மை யாரும் கூப்பிடவில்லை? ஆட்டத்தில் மோசம் என்பதால் இல்லை. அந்த செப்டம்பரிலேயே நாமும் ஆரிகன் ஸ்டேட்டும் நாட்டின் முதல் 25 அணிகள் பட்டியலில் இருந்தபடி புல்மனில் மோதினோம், 38-35 என்று ஜெயித்தோம். கைவிடப்பட்ட இரண்டு அணிகள் ஆடிய அந்த ஆட்டத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. காரணம் வேறு. புல்மனின் மக்கள்தொகை சுமார் 33,000. மார்ட்டின் ஸ்டேடியத்தில் இருக்கைகளும் ஏறத்தாழ அதே 33,000. ஊர் முழுவதும் உள்ளே உட்காரலாம், ஆனால் ஊருக்கு வெளியே கோதுமைதான். பிக் டென் 2022இல் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தைக் கொடுப்பவர்கள் சியாட்டிலில் எத்தனை வீடு, லாஸ் ஏஞ்சலிஸில் எத்தனை வீடு என்று எண்ணுகிறார்கள். புல்மனைச் சுற்றியுள்ள பலூஸ் மேடுகளில் எண்ணுவதற்கு அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இது எனக்கு வலிக்கிற இடம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் எடையை இப்படி யார் நிறுத்தினார்கள்? நாம் படித்த கட்டடத்துக்குப் பக்கத்து வயலில்தான் ஆர்வில் வோகல் குட்டைக் கோதுமையை உருவாக்கினார். ஜப்பானின் நோரின் 10 ரகத்தை இங்கத்திய கோதுமையோடு கலந்து, அந்த விதையை மெக்சிகோவிலிருந்த கோதுமை விஞ்ஞானி போர்லாகுக்கு அனுப்பியவர் அவர். போர்லாகின் விதை எம்.எஸ்.சுவாமிநாதன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நம் ஊர் ரேஷன் கடைக் கோதுமைக்கு புல்மனில் ஒரு வேர் இருக்கிறது. சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று காலமானபோது, ஆரிகன் ஸ்டேட்டோடு நடந்த அந்த ஆட்டம் முடிந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. நீ அன்று போனில் சுவாமிநாதனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மனசு முழுக்க இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது.

இன்னொன்று, எனக்கே இதற்கு முன் தெரியாதது. இப்படி விடுபட்டது முதல் முறை இல்லையாம். 1950களில் ஆட்டக்காரர்களுக்குக் கள்ளப் பணம் கொடுத்த விவகாரத்தில் பழைய கூட்டமைப்பு 1959இல் கலைந்தது. கலிஃபோர்னியாக்காரர்களும் வாஷிங்டனும் சேர்ந்து புதிதாக ஒன்று தொடங்கினார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. 1962இல்தான் உள்ளே விட்டார்கள். ஆரிகன் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 1964 வரை காத்திருந்தன. நமக்கு எட்டு மைல் தள்ளி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மாஸ்கோ என்ற ஊரில் இருக்கிற ஐடஹோ பல்கலைக்கழகத்தை யாரும் கூப்பிடவே இல்லை. 1922லிருந்து கூட இருந்தவர்கள் அவர்கள். அப்புறம் எங்கெங்கோ சேர்ந்து, 2018இல் ஃபுட்பாலில் ஒரு படி இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் நாம் மாஸ்கோவுக்கு சைக்கிளில் போய்க் காய்கறி வாங்கியபோது அந்த ஊருக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

சரி, இது வழக்காகப் போன கதைக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் எழுந்து நின்றார்கள். போகிறவர்கள் பத்துப் பேர், இருக்கிறவர்கள் இரண்டு பேர். ஆனால் நிர்வாகக் குழுவில் ஓட்டு பன்னிரண்டு. போகிற பத்துப் பேர் கூடிக் கூட்டமைப்பைக் கலைத்து, இருக்கிற பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் என்ன செய்வது? விலகுவதாக அறிவித்தவருக்கு ஓட்டு இல்லை என்பது அவர்களே எழுதிவைத்த விதி. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பல்கலைக்கழகங்களும் நீதிமன்றம் போயின. நம் பக்கம் தலைவர் கிர்க் ஷுல்ஸ், ஆரிகன் ஸ்டேட் பக்கம் ஜயதி மூர்த்தி, கான்பூர் ஐஐடியில் படித்த இந்தியர். வழக்கு நடந்த இடம் எது தெரியுமா? கோல்ஃபாக்ஸ். புல்மனிலிருந்து ஸ்போகேன் வரும் வழியில் நாம் காபிக்கு நிறுத்துவோமே, அந்தக் குட்டி ஊரின் கவுண்டி நீதிமன்றம். நவம்பர் 14 அன்று நீதிபதி நம் பக்கம் சொன்னார். டிசம்பர் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஒரு வாரத்தில் சமரசம் வந்தது. போகிறவர்கள் மொத்தம் 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். பெயரும் நிர்வாகமும் நம் கையில் நின்றன. அந்த ராத்திரி நான் கோல்ஃபாக்ஸ் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் ஜெயித்ததற்குப் பிறகு என்ன? முன்பு கூட்டமைப்பிலிருந்து வருஷத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. 2024இல் ஆட ஆள் வேண்டுமே, இரண்டு அணிகளுமாகச் சேர்ந்து மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்புக்கு 1.4 கோடி டாலர் கொடுத்து ஆட்டங்களை வாங்கின. மற்ற பல விளையாட்டுகளுக்கு வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பில் இரண்டு வருஷத்துக்கு ஒண்டுக்குடித்தனம். அதற்குள் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். கேம் வார்ட் மயாமிக்குப் போய், இந்த வருஷம் தொழில்முறை லீக்கில் முதல் ஆளாக எடுக்கப்பட்டான். அடுத்து வந்த மட்டீர் ஓக்லஹோமாவுக்கு. 2008க்குப் பிறகு முதன்முறையாக நம்மைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோன பாஸ்கெட்பால் கோச் ஸ்டான்ஃபோர்டுக்கு. ஃபுட்பால் கோச் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்கு. விளையாட்டுத் துறை இயக்குநர் பேட் சுன் எங்கே போனார் என்று நினைக்கிறாய்? சியாட்டிலுக்கு, வாஷிங்டனுக்கே. யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு செய்தியும் வரும்போது வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வெளியே போவது மாதிரி இருந்தது.

இதையெல்லாம்விட என்னைப் பாதித்தது இந்த ஜூன் மாதச் செய்தி. தடகளத்தில் தாண்டுதல், எறிதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், குறுந்தூர ஓட்டத்தையும் தடை ஓட்டத்தையும் குறைத்துவிட்டார்கள். இனி நெடுந்தூர ஓட்டம்தான் முக்கியம். அதே மாதம்தான் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. முதல் வருஷ உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஃபுட்பாலில் போட்டி போட வேண்டுமானால் வேறெங்கோ கைவைக்க வேண்டும், அவர்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இது ஹென்றி ரோனோ ஓடிய பல்கலைக்கழகம். 1978இல், மாணவனாக இருந்தபோதே, 81 நாளில் நான்கு உலக சாதனைகள். ஓட்டக்காரர் லகாட் நம் காலத்தில் அதே ஓட்டப்பாதையில் பயிற்சி எடுத்ததை நாம் நூலகம் போகும் வழியில் நின்று பார்த்திருக்கிறோம். அவர்கள் ஓடிய நெடுந்தூரம் மட்டுமாவது மிஞ்சியது என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு வயதில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு புல்மனுக்கு வந்த பெண்ணிடம் சியாட்டிலின் டிவி வீடுகளைப் பற்றி யார் விளக்குவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த ஜூலையில் பாக்-12 மறுபடி முழு அணிகளோடு தொடங்குகிறது. பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் வருகிறார்கள். ஃபுட்பால் இல்லாமல் எங்கள் ஊர் கொன்சாகாவும் சேர்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், பட்டேன். ஆனால் அவர்களில் ஐந்து பேர், நமக்கு ஆட ஆட்டம் கொடுத்த அதே மவுண்டன் வெஸ்டிலிருந்து வருகிறார்கள். அங்கே வயோமிங்கும் நெவாடாவும் நியூ மெக்சிகோவும் நின்றுபோயிருக்கின்றன. வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமியில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து தன் நண்பனுக்கு இதே மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பான். நமக்கு வேறு வழி இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்மை விட்டுப் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள் என்பதும் ஞாபகம் வருகிறது. இதில் எனக்கு இன்னும் மனம் சமாதானமாகவில்லை.

போன மாதம் 20ஆம் தேதி ஆப்பிள் கப் புல்மனில். பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நவம்பர் கடைசியில், கையுறைக்குள் விரல் விறைக்கப் பார்த்த ஆட்டம் இப்போது செப்டம்பரில், அறுவடை முடிந்த வெயிலில். 59-24 என்று தோற்றோம். போன வருஷம் சியாட்டிலில் கடைசி நிமிஷத்தில் கோட்டின் ஓரத்தில் அவர்களை மறித்து 24-19 என்று ஜெயித்தோமே, அதற்கு வட்டியோடு வாங்கிக்கொண்டார்கள். கடைசிக் கால்மணியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் முன் வரிசையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கோதுமை விவசாயியும் அவர் மனைவியும் மட்டும் அசையவில்லை. 1970களிலிருந்து அதே இடம் என்றார். "தோற்கிறதே, கிளம்பலையா?" என்று என் மகன் கேட்டான். "இங்கிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம்தான்" என்றார்.

இந்த நவம்பரில் மட்டும் ஆரிகன் ஸ்டேட்டோடு இரண்டு முறை ஆடுகிறோம், முதல் தேதி கோர்வாலிஸில், 29ஆம் தேதி புல்மனில். கூட்டமைப்பில் ஆட வேறு ஆள் இல்லை. இரண்டாவதற்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். அடுத்த வருஷம் செப்டம்பரில் நீங்கள் இருவரும் வருவதாகச் சொன்னது உறுதிதானே? ஆகஸ்டிலேயே வந்தால் லெண்டில் திருவிழாவும் பார்க்கலாம். பெரிய அண்டாவில் அவர்கள் கொதிக்க வைக்கிற பருப்பைப் பார்த்து, புளி ஊற்றாமல் விட்டார்களே என்று நீ அப்போது புலம்பியது போல மறுபடி புலம்பலாம். கூகர் கோல்ட் சீஸ் டின் ஒன்று ஃபிரிட்ஜில் உனக்காக எடுத்துவைக்கிறேன். முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. ஸ்டேடியத்துப் படிகள் செங்குத்து.

உன் பழைய அறைத்தோழன்