பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிணைத் தொகையோ அபராதமோ கட்ட முடியாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளுக்காக மாநிலங்களுக்கு நிதி வழங்கும் திட்டத்தை, 2023-24 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் கொண்ட இத்திட்டத்தில், 2023-இல் வெளியான நெறிமுறைகளின்படி, விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட வழியின்றி விடுதலையாக முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் பெறலாம் என்று வகுக்கப்பட்டது. ஆனால் மாநிலங்கள் இந்நிதியை உரிய அளவில் பயன்படுத்தவில்லை என்று உள்துறை அமைச்சகமே கடிதம் எழுத வேண்டிய நிலைதான் ஏற்பட்டது. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகக் கிளைச் சிறைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், இதற்கான காரணங்களில் முக்கியமானதாக நான் கருதும் ஒன்றை எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மின்மோட்டார் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆன செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருக்குப் பன்னிரண்டாம் நாளே பிணை கிடைத்துவிட்டது. 10,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர்கள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்த மனைவி, ஜாமீன்தாரருக்காகத் திரட்டிய ஆவணங்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் உறையைச் சிறை வாசலில் பிரித்துக் காட்டினார். குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மனமிரங்கிக் கொடுத்த வீட்டு வரி ரசீது, பத்தாண்டுகளுக்கு முன் இறந்துபோன அவருடைய தந்தையின் பெயரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றில் முத்திரை இல்லை. இவர்கள் குடியிருப்பதோ புறம்போக்கில். கணவரின் அண்ணன் இருப்பதோ திருப்பூரில், வாடகை வீட்டில். பிணை உத்தரவுக்குப் பிறகு அந்தத் தொழிலாளி 47 நாட்கள் உள்ளே இருந்தார். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட்டு, ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய சொந்தப் பிணையில் விடுவிக்கும்படி உத்தரவு வாங்கிய பிறகே அவர் வீடு திரும்பினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் அவரை ஒரு ரூபாய்கூடக் கட்டச் சொல்லவில்லை என்பது. கேட்டது ஆள், திட்டம் தருவது பணம். நிபந்தனை மாற்றப்பட்டு ரொக்கப் பிணை அனுமதிக்கப்பட்டால் அன்றி, மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், நீதிபதி உள்ளிட்டோர் கொண்ட, இத்திட்ட நிதியை அனுமதிக்கும் குழு எத்தனை முறை கூடினாலும் அவருக்கு உதவியிருக்க முடியாது. 1978-இல் மோதிராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டதையும், வேறு மாவட்டத்துக்காரர் என்று ஜாமீன்தாரரை மறுத்ததையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், பிணை கிடைத்து ஏழு நாட்களில் வெளிவராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தாக்கல் செய்யப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலிக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. வழி இருக்கிறது, அதில் நடக்க ஆள் இல்லை.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். இவர்களுக்கான உணவையும் மருத்துவத்தையும் மட்டும் செலவாகக் கணக்கிடுவது சரியன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் அழைத்துச் செல்லும்போது, ரோந்துக்கும் பந்தோபஸ்துக்கும் போக வேண்டிய காவலர்கள் நாள் முழுவதும் வழிக்காவலில் நிற்கிறார்கள். வெளியே குடும்பத்தின் கூலி நின்றுபோகிறது. முதல் முறை தவறியவர், அதையே தொழிலாகக் கொண்டவர்களோடு ஒரே அறையில் வாரக்கணக்கில் படுத்து எழுகிறார். பொதுமக்களின் பாதுகாப்பு இதனால் கூடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2007-இல் புதிய சிறைகளைக் கட்டுவதை நம்பியிராமல், 241 மில்லியன் டாலரைப் போதை சிகிச்சைக்கும் மாற்று ஏற்பாடுகளுக்கும் ஒதுக்கியது. 2011-இல் பழைய சிறை ஒன்றை மூடவும் செய்தது. 2010 முதல் அந்நாட்டு மத்திய அரசு இத்தகைய சீர்திருத்தங்களுக்கு மாநிலங்களுக்கு நிதி தந்து வருகிறது. அந்தப் பணம் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் செயலாக்கத்துக்கும் போகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நிதியும் அவ்வாறே நெகிழ வேண்டும். பிணைத் தொகையாகக் கட்டும் பணம் வழக்கு முடிந்ததும் அரசின் கணக்குக்கே திரும்ப வழி செய்யப்பட்டிருப்பதால், ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைக் கைதியின் முகவரியையும் குடும்ப நிலையையும் நேரில் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் பணிக்குச் செலவிடலாம். நன்னடத்தை அலுவலர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயணப்படி கொடுத்தாலே இது நடக்கும். அத்தகைய அறிக்கை கையில் இருந்தால், சொந்தப் பிணையில் விடுவிக்க நீதித்துறை நடுவர்கள் தயங்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே, பிணை உத்தரவு பெற்று ஏழு நாட்களுக்கு மேல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைச் சிறைவாரியாக மாதந்தோறும் வெளியிடுமாறு தமிழக உள்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெற்றுத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.