முட்டி வலின்னா எல்லாத்துக்கும் குளிர்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்ல இருந்து எழுதுறேன். இங்க யாருக்கு முட்டி வலிச்சாலும் "குளிர் ஊர்ல, வாதம், அப்படித்தான் இருக்கும்"னு ஒரே பதில்தான், மெடிக்கல்ல போய் சொன்னா பேப்பர்ல மடிச்சு நாலு மாத்திரை, எங்கம்மா அதையே ரெண்டு வருஷம் முழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அம்மாவுக்கு கொழுந்து பறிக்க மேடு ஏறினா வலிக்கும், உக்காந்து எந்திரிச்சா வலிக்கும், ராத்திரி ஒருக்களிச்சு படுத்தா ஒரு முட்டி மேல இன்னொரு முட்டி பட்டு தூக்கமே போயிடும். எக்ஸ்ரே எடுத்து லேசான தேய்மானம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்பறம் கோயம்புத்தூர்ல ஒரு பிசியோதெரபி மேடம்தான் "எங்க வலிக்குது, விரல வச்சு காட்டுங்கம்மா"ன்னு கேட்டாங்க. மூட்டுக்கு உள்பக்கமா, மூணு விரக்கடை கீழ, அங்க கட்டைவிரலால அமுக்கினதும் அம்மா துள்ளிட்டாங்க. தொடையில இருந்து வர்ற மூணு தசைநார் அங்கதான் எலும்புல சேருதாம், அதுக்கடியில இருக்கற சின்ன நீர்ப்பை வீங்கியிருக்குன்னாங்க. முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு படுக்கச் சொல்லி, தொடைக்கு பயிற்சியும் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு மாசத்துல அம்மா ராத்திரி தூங்க ஆரம்பிச்சாங்க.

அதுக்கப்பறம் எங்க லைன்லயே ஒவ்வொருத்தரா கேட்டுப் பாத்தேன். என் தம்பிக்கு ஏறும்போது ஒண்ணுமில்ல, இறக்கத்துலதான் முட்டிச் சில்லுக்குப் பின்னால வலி, முட்டிய மடக்கி இறங்கறப்போ சில்லு தொடை எலும்புல போய் அழுந்துறதால அப்படி வரும். கேரட் காட்டுல முட்டி போட்டு களை எடுக்கற பக்கத்து வீட்டு அக்காவுக்கு சில்லு மேலயே எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம். ஒரு பெரியம்மாவுக்கு காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல முட்டியும் கைவிரலும் மடங்கவே மாட்டேங்குது, அது முடக்குவாதமா இருக்கலாம், ரத்தம் டெஸ்ட் பண்ணியே ஆகணும். நாலு பேருக்கும் ஒரே மாத்திரைன்னா எப்படிங்க? குளிர்ல வலி கூடுதலா தெரியும், சரி, ஆனா வலிக்கு காரணமே குளிர்தான்னு சொல்லிட்டா அப்பறம் யாரும் தொட்டுக்கூட பாக்கறதில்ல.

முட்டி சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தாலோ, மடக்கின கால் நீட்ட முடியாம பூட்டிக்கிட்டாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்னு எத்தனை பேருக்கு இங்க தெரியும்?

வீடு தேடி வந்து வைத்தியம் பாக்கறதுக்குன்னு தமிழ்நாடு அரசு 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் இருக்கு. அந்த பிசியோதெரபிஸ்ட் மாசம் ஒரு நாளாவது லைன் வீடுகளுக்கு வந்து முட்டிய தொட்டுப் பாக்க அதிகாரிங்க ஏற்பாடு பண்ணணும். ஞாயித்துக்கிழமையா இருந்தா நல்லது, மத்த நாள்ல எல்லாரும் கொழுந்துக்கு போயிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி