எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கவனம் இல்லை' என்று ஆசிரியர்கள் குறை கூறும் பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் இருப்பது டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு. அறிவுத்திறனில் குறைவில்லாத அவர்களுக்கு, எழுத்தை ஒலியோடு இணைக்கும் மூளையின் இடப்பக்கப் பகுதிகள் சற்று வேறு விதமாகச் செயல்படுகின்றன என்பதை நரம்பு உளவியல் எடுத்துக்காட்டியுள்ளது. தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்த நானும் (ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது) இவர்களைச் சோம்பேறிகள் என்றே எண்ணியிருந்தேன்.

'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருவதையும், ல, ள, ழ வேறுபாட்டையும் பிடித்துக்கொள்ளத் திணறும் பிள்ளை, அதே வாரத்தில் ரூமி எனப்படும் இலத்தீன் எழுத்தில் மலாயும் ஆங்கிலமும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இக்குறைபாடு உள்ளதா என்று மலாயில் மட்டும் சோதித்து முடிவு கூறுவது போதாது. ஒலிகளைப் பிரித்தறிதல், செயல் நினைவாற்றல் (கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் வைத்துப் பயன்படுத்தும் திறன்), எழுத்துகளை விரைந்து பெயர் சொல்லுதல் ஆகியவற்றைத் தமிழிலும் அளந்தறிய வேண்டும்.

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் பொதுவாகத் தமிழறிந்த உளவியலாளர் ஒருவரையாவது கல்வித் துறை அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்தால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோரிடமும் அவரே பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.